வேனுக்குள் இரண்டு பேர்

இடது கண்ணுக்குள் புற்றுக்கட்டி என்றதும், கண்ணையே எடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். கோலாலம்பூரில் கதிரியக்கத் தகடு ஒன்றைக் கண்ணின் மேல் தைத்து, சில நாள் வைத்திருந்து எடுத்தார்கள். கட்டி சுருங்கியது. நான் மறுபடியும் சிம்பாங் பூலாயில் பள்ளி வேன் ஓட்டத் தொடங்கினேன். எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நம்பினேன்.

அடுத்த ஆண்டு, மழை பெய்த ஒரு காலைப் பொழுதில் சாலையின் வெள்ளைக் கோடு நெளிந்தது. வேனை ஓரங்கட்டி, வலது கண்ணைப் பொத்திப் பார்த்தேன். எதிரே இருந்த விளக்குக் கம்பம் நடுவில் வளைந்து, பாதி கரைந்திருந்தது. பின்னால் பிள்ளைகள் சிரித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

கணவர் தொலைவில் லூமுட்டில் வேலையில் இருந்தார். அவருடைய தங்கைக்குப் போன் செய்தேன். கையுறைத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தாள்.

“அங்கேயே நில்லுங்க அண்ணி, வாரேன்.”

மழையில் தொப்பலாக நனைந்து மோட்டார் சைக்கிளில் வந்து, சாவியை வாங்கிக்கொண்டாள். அவசரத்துக்கு அன்று மட்டும் அவளே வேனை ஓட்டினாள்; மணியடிக்குமுன் பிள்ளைகள் பள்ளியில் இருந்தார்கள்.

ஈப்போவில் டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டினார். கட்டி திரும்பி வரவில்லை. ஆனால் கதிர்வீச்சில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கெட்டு, நீர் கசிந்து, விழித்திரையின் மையம் வீங்கியிருந்தது. கண்ணுக்குள்ளேயே ஊசி போட வேண்டுமாம்.

“கண்ணுக்குள்ளயா? கேட்டாலே மயக்கம் வருது லா,” என்றாள் நாத்தனார். ஆனாலும் ஊசி அறையின் கதவு வரை என் கையை விடவில்லை.

சொட்டு மருந்தில் கண் மரத்திருந்தது. ஊசி ஓர் அழுத்தமாக மட்டுமே தெரிந்தது.

“வலிச்சுச்சா அண்ணி?”

“உன் மோட்டார்ல பின்னால உக்கார்றதுக்கு இது பரவால்ல.”

அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். அன்று வீடு திரும்பும்போதுதான் சொன்னாள்: “ராத்திரி வேலை எனக்கும் அலுத்துப்போச்சு. வேன நான் ஓட்டுறேன். எந்தப் பிள்ள எங்க ஏறும்னு உங்களுக்குத்தான தெரியும், பக்கத்துல உக்காருங்க.”

பள்ளி வேனுக்கான லைசென்ஸை அவள் எடுக்கும்வரை, தெரிந்த டிரைவர் ஒருவர் ஓட்டிக்கொடுத்தார்.

ஊசி இன்னும் தொடர்கிறது. இடைவெளி மட்டும் கூடியிருக்கிறது. கோடுகள் அவ்வளவாக நெளிவதில்லை. இடது கண்ணின் நடுவில் மூட்டம் அப்படியே இருக்கிறது. தேநீர் ஊற்றினால் சில நேரம் கோப்பைக்கு வெளியே போகும். அதற்காக நான் அழுவதில்லை. கண் என்னிடம் இருக்கிறது, உயிரும் இருக்கிறது. காலையில் நான் இறங்கிக் கதவைத் திறக்கிறேன், பிள்ளைகள் ஏறியதும், “போலாமா அண்ணி?” என்று கேட்டுவிட்டுத்தான் அவள் வண்டியை எடுக்கிறாள்.