கைமணச் செம்மலைக் காணவில்லை

ஊருக்கே சோறு போடுகிறவர்களுக்குச் சால்வை போடுவதுதான் என் தொழில். மதுரையில் ஓட்டல்காரர்கள் சங்கம் ஒன்றில் மேனேஜர் என்று பெயர். பதினோரு மாதம் சும்மா இருந்துவிட்டு, ஒரு மாதம் மட்டும் ‘உணவுத் துறைச் சாதனையாளர்’ விழா நடத்துவேன். கல்யாண வீட்டில் தாய்மாமன் கோபத்தைச் சமாளித்தவர்களே, கோயில் கமிட்டியில் முதல் மரியாதை யாருக்கு என்று முடிவு செய்யப் போய் மாட்டியவர்களே, நீங்களெல்லாம் என் சொந்தங்கள். சொன்னால் உங்களுக்குப் புரியும்.

போட்டோ ரெடி

சாதனையாளர் யார் என்று நீங்களே சிபாரிசு செய்யுங்கள் என்று உறுப்பினர்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் படிவம் அனுப்பினேன். நம் முதலாளிகளின் நேர்மையைப் பாராட்ட வேண்டும். மனச்சாட்சிக்குப் பட்டதைத் தயங்காமல் எழுதியிருந்தார்கள், அவரவர் பெயரை. விளாங்குடியில் பரோட்டாக் கடை வைத்திருப்பவர், ‘இவரை எவ்வளவு காலமாக அறிவீர்கள்?’ என்ற கேள்விக்குப் ‘பிறந்ததிலிருந்து’ என்று பதில் எழுதியிருந்தார்.

கடையில் மாஸ்டர், சப்ளையர் என்று இத்தனை பேர் இருக்கிறார்களே, அவர்களில் ஒருவரைச் சொல்லக்கூடாதா என்று போனில் கேட்டேன். அவர் கொஞ்சமும் கோபப்படவில்லை. “சொல்லலாம்ணே. ஆனா பேனர் அடிக்க என் போட்டாதான ரெடியா இருக்கு!”

முன்வரிசை

எனக்கு அப்போதுதான் ரோஷம் வந்தது. அடுப்படியில் நிற்கிற ஒருத்தரையாவது மேடை ஏற்றாமல் விடுவதில்லை என்று ‘கைமணச் செம்மல்’ என்ற புது விருதை உண்டாக்கினேன். ஆள் காதர் பாய். எங்கள் சங்கத் தலைவரின் ஓட்டலில் முப்பது வருஷமாகக் கறிதோசை போடுகிறவர். தலைவருக்கு ஊரில் இருக்கிற பேர் அத்தனையும் அந்தக் கல்லில் வெந்ததுதான். தலைவரும் தாராளமாகத் தலையாட்டினார்.

விஷயத்தைச் சொன்னதும் பாய் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். மகளைப் பேரையூரில் கட்டிக்கொடுத்திருந்தார். சம்பந்தி அங்கே ஜவுளிக்கடை வைத்திருக்கிறவர். பாய் செய்கிற தொழிலை நாலு பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்லமாட்டாராம். “‘மதுரையில ஏதோ கடையில இருக்காரு’ன்னுதான் சொல்லுவாரு தம்பி. எம் மகளுக்கு அது பெரிய கொறச்சலா இருக்கு. அவர முன்வரிசையில உக்கார வச்சிருங்க. இன்ஷா அல்லாஹ், ஒரு தடவ என்னைய மேடையில பாக்கட்டும்.”

யார் கைச் சாப்பாடு?

விழாவில் பெரிய சிக்கல் மத்தியானச் சாப்பாடு. பிரியாணிக் கடைக்காரர் சமைத்தால் மெஸ்காரர் தொடமாட்டார். மெஸ்காரர் சமைத்தால் மற்றவர்கள் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, உப்புக் குறைந்ததைப் பற்றி அடுத்த விழா வரைக்கும் பேசுவார்கள். இதற்கென்றே ஒரு கூட்டம் போட்டோம். தலைவர் ஓட்டலிலிருந்தே சாப்பாடு, மண்டபத்திலேயே கல் போட்டுச் சுடச்சுடக் கறிதோசை என்று யோசனை சொன்னது நான்தான். தலைவரை எதிர்த்து யார் பேசுவார்? ஏகமனதாக நிறைவேறியது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

மெஸ்காரர் மட்டும் வாசலில் வைத்து என் காதைக் கடித்தார். “நல்ல ஏற்பாடு மாப்ள. எம்புட்டு வச்சாலும் சாப்பிட்டுர்றேன். நல்லா இருக்குன்னு மட்டும் என்னையச் சொல்லச் சொல்லாதீக!”

பருத்தி

சிறப்பு விருந்தினர் வழக்கம்போல இரண்டு மணி நேரம் தாமதமாக வந்து, காலம் தவறாமையைப் பற்றிப் பேசினார். கோச்சடையில் வீட்டு வாசலில் இட்லி விற்கிற பாண்டியம்மா அக்காவுக்குப் பொன்னாடை போர்த்திவிட்டு, கேமரா சரியில்லை என்று அதை உருவி இன்னொரு தடவையும் போர்த்தினார். அக்கா பொன்னாடையின் முந்தியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். நெகிழ்ந்துபோய்விட்டார் என்று நினைத்து அருகில் போனேன். “இது இட்லித்தட்டுக்கு ஆகாது தம்பி, மாவு ஒட்டிக்கிரும். அடுத்த வருஷமாச்சும் பருத்தியில போடச் சொல்லுங்க.”

செம்மல்

ஓட்டல்காரர்கள் பசி தாங்கமாட்டார்கள். மேடையில் விழா நடக்கும்போதே பின்னால் பந்தி தொடங்கிவிட்டது. அடுத்தது கைமணச் செம்மல். ஆளைக் காணோம். அப்போதுதான் எனக்கு உறைத்தது: மண்டபத்தில் கறிதோசை என்று சொன்னவன், அதை யார் போடுவார் என்று யோசிக்கவே இல்லை. பின்பக்கம் ஓடினேன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு, பனியனோடு கல்லுக்கு முன்னால் நின்றார் பாய். எதிரே தட்டும் கையுமாக நீள வரிசை. அதில் பாதிப் பேர் சற்றுமுன் சால்வை வாங்கியவர்கள். “பாய், என் தோசையப் போட்டுட்டுப் போங்க” என்றது ஒரு சால்வை. “எனக்கு ரெண்டு” என்றது இன்னொன்று.

அதற்குள் மைக்கில் அறிவித்துவிட்டார்கள். மரியாதை கருதி ஓட்டல் பெயரை முதல் வரியிலும் பாய் பெயரை அடுத்த வரியிலும் எழுதிக் கொடுத்திருந்தேன். ஓட்டல் பெயர் காதில் விழுந்ததுமே தலைவர் பழக்கதோஷத்தில் எழுந்து மேடையேறிவிட்டார். கிளம்பிய கைதட்டலில் அடுத்த வரியை யாரும் படிக்கவில்லை. கேடயத்தை வாங்கிக்கொண்டு, முப்பது வருஷம் தான் பட்ட பாட்டைப் பற்றி உருக்கமாகப் பேசினார். நான் போய் மைக்கைப் பிடுங்கியிருக்கலாம். சம்பளம் கொடுக்கிறவர் கையிலிருந்து பிடுங்க எனக்குத் துணிச்சல் இல்லை. வெட்கமாக இருந்தது; பாய் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கொஞ்ச நேரத்தில் பேரையூர் சம்பந்தி தட்டோடு வரிசையில் வந்து நின்றார். பாயைக் கண்டதும் அவருக்கு ஒரே சந்தோஷம். “சம்பந்தி, ஒங்க மொதலாளிக்கு அவார்டு குடுத்தாங்களே, பாத்தீகளா?”

பாய் தோசையைத் திருப்பிப் போட்டார். “பாக்கல சம்பந்தி, காதுல விழுந்துச்சு. கறி இன்னுங் கொஞ்சம் வைக்கவா?”

விழா சீரும் சிறப்புமாக நடந்தேறியது என்று மறுநாள் சங்கத்தில் தீர்மானம் போட்டார்கள். கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் அதை எழுதியவனும் நான்தான்.