சுவரிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினேன்

இன்று காலை நடந்ததைச் சூட்டோடு சூடாகச் சொல்லிவிடுகிறேன்.

கும்பகோணத்திலிருந்து மெட்ராஸுக்குத் திரும்பும் வழியில், நேற்று செங்கல்பட்டிலேயே பொழுது சாய்ந்துவிட்டது. ராத்தங்க மகாபலிபுரம் பங்களா நமக்கெல்லாம் கட்டுப்படியாகாது.

"சதுரங்கப்பட்டினத்துல மலிவா ஒரு ரூம் இருக்காம். ஜன்னலைத் திறந்தா கடல்!" என்று என் கணவர் காரைத் திருப்பினார்.

கடல் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. டச்சுக்காரர்களின் இடிந்த கோட்டையை ஒட்டிய வீடு. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே இருந்தார்கள். அடுத்த அறைக்காரர்கள் என்று நினைத்தோம்.

காலையில் கிளம்பும்போது, ஒரு மரியாதைக்காக அந்தச் சுவரைத் தட்டி, "போயிட்டு வரோம்ங்க" என்றேன்.

"ம்" என்று பதில் வந்தது.

வாசலில் நின்ற வீட்டுச் சொந்தக்காரர் மாணிக்கத்தின் முகம் வெளுத்துவிட்டது. "யாராண்டம்மா சொல்லிகினு கீறீங்க?"

"பக்கத்து ரூம்காரங்ககிட்ட."

"அங்க ஏதும்மா ரூமு? வெள்ளக்காரன் கல்லறைதான் கீது. சாவு வூட்லயே சொல்லிக்காம கெளம்புவாங்க. நீங்க கல்லறையாண்ட வரேன்னு வாக்கு குடுத்துட்டீங்களே!"

அலைச் சத்தமாக இருக்கும் என்று கணவர் சிரித்தார். செங்கல்பட்டு வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தார். அங்கே தாகம் எடுத்துத் தண்ணீர் தேடியபோதுதான் தெரிந்தது, என் கல்யாணச் சீர்க் கூஜா அந்த அறை ஜன்னலிலேயே இருக்கிறது.

இப்போது அவர் சிரிப்பதில்லை. திரும்பிப் போகவும் மாட்டேன் என்கிறார்.

அந்தப் பக்கம் யாராவது போனால் எடுத்து வாருங்கள். கிளம்பும்போது மட்டும், தயவுசெய்து, சொல்லிக்கொள்ளாமல் வாருங்கள்.