ஆறாம் நம்பர் மிஷினின் ‘ம’

மண்ணெண்ணெயும் மை நாடாவும் கலந்த வாடை மூக்கில் பட்டால் போதும், இன்றும் எனக்குப் பதினெட்டு வயதாகிவிடும். எண்பதுகளின் நடுவில், கள்ளிக்குப்பத்தில் ஒரு மாடி அறையில் தமிழ் டைப்ரைட்டிங் படித்தேன். எனக்கு வாய்த்தது ஆறாம் நம்பர் மிஷின். அதன் ‘க’ மை அடைத்துக் கறுத்திருக்கும், குண்டூசியால் குத்தி எடுக்க வேண்டும். ‘ம’வோ தேய்ந்து தேய்ந்து, ஓங்கி அடித்தால்தான் தாளில் தெரியும். ‘அம்மா’ என்று அடிப்பதற்குள் விரல் வலித்துவிடும். ஆனாலும் அந்த அரைகுறை எழுத்துகள் மேல் எனக்குக் கொள்ளை ஆசை.

தொழிற்பேட்டை எஸ்டேட்டில் லேத் வேலை பார்த்த அப்பா முன்பே சொல்லிவிட்டார். “பாஸ் பண்ணா வேலைக்குப் போ. இல்லாங்காட்டி ஆவணில கண்ணாலம்தான்.” மாப்பிள்ளை திருமழிசையில் தயாராக இருந்தார். எனக்கோ கைப்பையை மாட்டிக்கொண்டு எஸ்டேட் பஸ்ஸில் ஏற வேண்டும், அவ்வளவுதான்.

பரீட்சைக்கு மிஷின்களை நாங்கள்தான் கொண்டுபோக வேண்டும். மூன்று சக்கர ‘மீன்பாடி வண்டி’யில் ஏற்றும்போது மாஸ்டருக்கு என் மேல் திடீரென்று பாசம் பொங்கிவிட்டது. “அந்த டப்பாவ உடும்மா. புது மிஷினு எடுத்துக்கோ, எழுத்து பளிச்சுனு வுழும்.” மகராசன், நல்லது என்று நினைத்துத்தான் சொன்னார்.

பரீட்சையில் என் விரல் பழைய வழக்கப்படி ‘ம’வை ஓங்கி ஓங்கி அடித்தது. புது அச்சு சும்மா இருக்குமா? ‘ம’ விழுந்த இடமெல்லாம் தாளில் ஓட்டை. பக்கத்து மிஷினில் அடித்த பூந்தமல்லி மும்தாஜ் வெளியே வந்ததும், “இன்னாடி, பேப்பர சல்லடையாக்கி வெச்சிக்கீறே?” என்றாள். அங்கேயே அழுதுவிட்டேன். ரிசல்ட் வரும்வரை அப்பா திருமழிசைக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். ஓட்டையைப் பிழையாக எண்ணாத அந்தப் புண்ணியவான் யாரோ, பாஸ் போட்டுவிட்டார். ஆவணியில் நான் எஸ்டேட் பஸ்ஸில் இருந்தேன்.

இந்த மாதம் ஓய்வு பெறுகிறேன். விருந்துக்கான அழைப்பை மகள் போனிலேயே தயார் செய்து, “பழைய டைப்ரைட்டர் எழுத்தும்மா” என்று காட்டினாள். மை அடைத்த ‘க’, தேய்ந்த ‘ம’. அழகாகத்தான் இருந்தது. ஆனால் எல்லா ‘ம’வும் ஒரே இடத்தில், ஒரே அளவாகத் தேய்ந்திருந்தன. ஆறாம் நம்பரில் ஒவ்வொன்றும் என் விரலின் அன்றைய தெம்புக்கு ஏற்றபடி விழும். அந்த மாடி அறையில் இப்போது செல்போன் கடை. மிஷின் எந்தக் காயலான் கடைக்குப் போனதோ.

மரகதம் என்ற என் பெயரையாவது நானே அடிக்கிறேன் என்று போனை வாங்கினேன். முதல் எழுத்திலேயே மகள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மெதுவாம்மா, ஸ்கிரீன் உடஞ்சிடும்.”