நேவி கிளப் மணி

மகளைக் கூப்பிடப் போனேன். கச்சிராயபாளையம் பள்ளிக்கூடத்தில் விடுகிற மணி அடித்தது. அது எங்கள் அப்பாவின் நேவி கிளப் மணி.

கப்பல்படையிலிருந்து பென்ஷனில் வந்த ஏழு பேர் ஒரு வாடகை அறையில் அந்த கிளப்பை நடத்தினார்கள். கேரம் பலகை, பித்தளை பாலிஷ் வாசனை, சிகரெட் புகை. ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னையும் கூட்டிப்போவார்.

ஒருநாள் விளையாட்டாக மணியை எட்டு முறை அடித்துவிட்டேன். எல்லோரும் ஆட்டத்தை விட்டு எழுந்து விறைப்பாக நின்றார்கள். அவர்களில் ஒருவர் செத்தால்தான் எட்டு அடிப்பார்களாம்.

"இன்னாபா, உன் பொண்ணு என்னப் போவச் சொல்லுதா?" என்று மூத்தவரான சாமுவேல் மாமா சிரித்தார்.

அப்பா சிரிக்கவில்லை. "இனிமே அதுல கை வெக்கக் கூடாது" என்றார்.

ஒவ்வொருவராகப் போனார்கள். ஆறு பேருக்கும் அப்பாதான் எட்டு அடித்தார். பிறகு கிளப்பை மூடி, மணியைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டார்.

அவர் செத்த அன்று பள்ளிக்கூடம் வரை நடந்தேன். கேட் திறந்துதான் இருந்தது. அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. திரும்பிவிட்டேன்.

இன்றும் எண்ணினேன். மணி எட்டில் நிற்கவில்லை.

"யம்மா, இன்னா எண்ணிக்கினு இருக்க?" என்றாள் மகள்.

"ஒண்ணும் இல்ல. பையக் குடு" என்றேன்.