யானைக்காது இலையில் விடிகாலைச் சொட்டு

பெங்களூர் ஸ்ரீராம்புரத்து எத்திராஜுக்குக் கோபம் வந்தால் பேசமாட்டார், சாப்பிடவும் மாட்டார். பேசாமல் இருப்பதில் அவர் மனைவி சாந்தகுமாரிக்குக் குறை ஒன்றும் இல்லை. வீட்டில் கொஞ்சம் நிம்மதி என்று விட்டுவிடுவாள். சாப்பிடாமல் இருப்பதுதான் அவளுக்குப் பொறுக்காது. அந்த ஏப்ரலில் ஒன்பது நாள் அவர் தட்டைப் பாதியில் தள்ளிவைத்துவிட்டு எழுந்தார். பத்தாம் நாள் காலை, காக்ஸ் டவுன் தெருமுனைத் தள்ளுவண்டியில், நாலு இட்லி, ஒரு வடை, அது போதாமல் மறுபடி ரெண்டு இட்லி என்று நின்றபடியே தின்று தீர்த்தார். வண்டிக்காரரே சட்டினி வாளியை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

எத்திராஜுக்கு வயது ஐம்பத்தெட்டு. பிறந்தது, பள்ளிக்கு மட்டம் போட்டது, கல்யாணம் கட்டியது எல்லாம் ஸ்ரீராம்புரத்தின் ஒரே சந்தில்தான். இருபத்திரண்டு வருஷம் ஒரு காண்டிராக்டரிடம் தண்ணீர்க் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டினார். பெங்களூரின் மேலே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியும், கீழே என்ன ஓடுகிறது என்று கேட்டால் அவரைத்தான் கேட்க வேண்டும். முழங்கால் தேய்ந்து பள்ளத்தில் இறங்க முடியாமல் போனபோது, மண்ணைத் தவிர வேறு எதையும் தொட்டறியாத கை தோட்ட வேலைக்கு வந்தது. காக்ஸ் டவுனில் ஒரே தெருவில் மூன்று வீடுகள். பழைய டிவிஎஸ் வண்டியில் காலையில் வந்து, வெயில் ஏறுமுன் முடித்துவிடுவார்.

மூன்றில் அவருக்குப் பிடித்தது பவுலின் டீச்சர் வீடு. டீச்சர் ஓய்வு பெற்றுத் தனியாக இருப்பவர். பழைய ஓட்டு வீடு, சுற்றிலும் தோட்டம். பின்பக்கம் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், மதில் ஓரமாக, எப்போதும் நசநசவென்று ஈரமாக இருக்கும் ஒரு மூலை. ரோஜா வைத்தால் வேர் அழுகும், குரோட்டன்ஸ் வைத்தால் மஞ்சளடிக்கும். எத்திராஜ் தாம் கடைசியாகத் தோண்டிய பள்ளத்தில், ஒரு ஏரிக்கரை ஓரம், மண்வெட்டியில் மாட்டிய கிழங்கு ஒன்றைக் கொண்டுவந்து அங்கே புதைத்தார். சேப்பங்கிழங்குக்கு ஒன்றுவிட்ட சொந்தம். ஆனால் வாயில் வைத்தால் தொண்டை அரித்துப் பிய்த்துவிடும். அழகுக்கு மட்டும் வளர்ப்பது. யானைக்காது என்பார்கள்.

யானைக்காதுக்கு அந்த மூலை மாமியார் வீடு மாதிரி இல்லை, தாய்வீடு மாதிரி ஆகிவிட்டது. மூன்றாவது வருஷம் ஒரு இலையை விரித்தால் டீச்சரின் சாப்பாட்டு மேஜையை மூடும். எத்திராஜ் அதன் கீழ் நின்றால் தலைப்பாகை மட்டும் தெரியாது. தெருவில் போகிறவர்கள் கேட் திறந்து வந்து போட்டோ எடுத்தார்கள். "என்ன உரம் போடறீங்க?" என்று கேட்டால், "உரத்த வுடுங்க, கைராசி" என்று வலது உள்ளங்கையைத் தூக்கிக் காட்டுவார். பொதுவாக அடக்கமான மனுஷர்தான். ஆனால் அந்த இலை விஷயத்தில் மட்டும் அவருக்குத் தலைகால் தெரியாது.

அப்புறம் வந்தது அந்தக் கோடை. போர்வெல்கள் வற்றின. தெருவுக்குத் தெரு டேங்கர் லாரி நின்றது. குடிநீரைச் செடிக்கு ஊற்றக் கூடாது, மீறினால் அபராதம் என்று உத்தரவு போட்டார்கள். எத்திராஜ் ஹோஸ் பைப்பைச் சுருட்டிப் பரணில் ஏற்றினார். காய்கறி கழுவிய தண்ணீரை வாங்கி, எந்தச் செடி உயிர் பிழைக்குமோ அதற்கு மட்டும் ஒரு செம்பு ஊற்றினார். தெருவில் எல்லாத் தோட்டமும் அப்பளம் மாதிரி காய்ந்தது. யானைக்காது மட்டும் பச்சைப்பசேலென்று நின்றது. போதாக்குறைக்கு, தினமும் விடிகாலையில் ஒவ்வொரு இலை நுனியிலும் ஒரு சொட்டு நீர், முத்து கோத்த மாதிரி.

மதிலுக்கு அந்தப் பக்கம் சேஷகிரி சார் வீடு. வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். வாரத்துக்கு இரண்டு டேங்கர் வாங்கியும் அவர் வீட்டில் தண்ணீர் போதவில்லை. ஒரு நாள் காலை ஆறு மணிக்கு மாடியில் காபியோடு நின்றவர், கீழே பச்சை இலைகளையும் சொட்டுச் சொட்டாய் நின்ற நீரையும் பார்த்தார். நமக்கெல்லாம் குளிக்கவே தண்ணீர் இல்லை, இங்கே ஒருத்தன் விடியுமுன் செடியைக் குளிப்பாட்டுகிறான் என்று வயிறு எரிந்தது. போட்டோ எடுத்துத் தெருக்காரர்களின் வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டார். வெறும் வாயை மெல்லுகிற தெருவுக்கு அவல் கிடைத்தது.

குழுவைப் பார்த்துக்கொள்ளும் ரூபினி என்ற பெண், ஓசூரிலிருந்து வேலைக்கு வந்து அங்கே குடியிருப்பவள், போனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணா, எல்லாரும் கேக்கறாங்க. காலங்காத்தால தண்ணி விடறீங்களா?"

"நான் வர்றதே ஏழு மணிக்கு, பாப்பா. சொட்டு தண்ணி ஊத்தல."

"அப்போ இது என்ன?" என்று போட்டோவைப் பெரிதாக்கினாள். எத்திராஜ் குனிந்து செடியடியில் கிடந்த சருகைப் பொறுக்க ஆரம்பித்தார்.

மற்ற இரண்டு வீட்டுக்காரர்களும், விஷயம் தெளிகிறவரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். புகார் எழுதித் தண்ணீர் வாரிய ஆபீசுக்குப் போனால் அபராதம் டீச்சர் பெயருக்கு வரும். தண்ணீர் திருடிய தோட்டக்காரன் என்ற பெயர் எத்திராஜுக்கு வரும். அபராதம் ஒரு தடவையோடு போகும், பெயர் போகாது. அந்தப் பெயரோடு எந்த கேட்டையும் அவருக்குத் திறக்கமாட்டார்கள். எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டிருப்பார். டீச்சர் கேட்ட ஒரு கேள்விதான் அவரைச் சாய்த்தது.

"எத்திராஜ், நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். செடி மேல இருக்கற ஆசையில கொஞ்சமா ஊத்தினீங்களா?"

எட்டு வருஷம் அந்த வீட்டுச் சாவி அவரிடம் இருந்திருக்கிறது. அவர் சாவியைத் துவைக்கும் கல்மேல் வைத்துவிட்டு வண்டியை எடுத்தார். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் அந்த ஒன்பது நாள் பட்டினி.

சாந்தகுமாரி முதலில் கெஞ்சினாள், பிறகு திட்டினாள், பிறகு அவளுக்கே அலுத்துப்போய் நியாயம் பேச ஆரம்பித்தாள்.

"நீதான ஊரெல்லாம் கைராசி கைராசின்னு கைய காட்டிகினு இருந்த? இப்போ அனுபவி. ஆமா, நான் ஒண்ணு கேக்கறேன். நீயும் ஊத்தல, மழையும் பேயல. அப்போ அந்தத் தண்ணி எங்கேருந்துய்யா வருது?"

எத்திராஜ் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பதில் தெரியாமல் இல்லை. யானைக்காது வேரில் ஈரம் மிஞ்சிப்போனால், குடித்தது போக மிச்சத்தை விடிகாலையில் இலை நுனி வழியாகச் சொட்டவிடும். இதைத் தோட்டக்காரனாக அவர் அறிவார். மழையில்லாத ஊரில் மண்ணுக்கடியில் ஈரம் மிஞ்சுகிறதென்றால் பக்கத்தில் எங்கேயோ கசிகிறது. இதைக் குழாய்க்காரனாக அவர் அறிவார். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க இத்தனை வருஷமாக மனசு வரவில்லை, அவ்வளவுதான். சேர்த்தால் இலை வளர்ந்தது எவன் வீட்டுக் கசிவாலோ என்றாகிவிடும். கைராசி போய்விடும். திருடன் என்ற பெயரா, கைராசிக்காரன் என்ற பெயரா, எதை விடுவது என்று முடிவு செய்யக்கூட ஒரு மனுஷனுக்குச் சில நாள் பிடிக்கத்தான் செய்கிறது.

ஒன்பதாம் நாள் மாலை அவர் காக்ஸ் டவுனுக்குப் போனார். டீச்சரையும் ரூபினியையும் மதிலுக்குப் பக்கத்தில் வரவழைத்து, சேஷகிரி சாரை மாடியிலிருந்து கூப்பிட்டார்.

"சார், உங்க சம்ப் எங்க இருக்குது?"

சம்ப் என்பது தண்ணீர் சேர்த்துவைக்கும் நிலத்தடித் தொட்டி. சேஷகிரி கீழே இறங்கி வந்து மதிலின் மறுபக்கத்தைக் காட்டினார். யானைக்காதுக்கும் அதற்கும் நடுவே ஒரு மதில்தான்.

"ஏன்ப்பா, இப்போ என் சம்ப் மேல பழி போடறியா? சும்மா கதெ கட்டாதே."

"இன்னிக்கு டேங்கர் வந்துச்சு இல்ல? ரொம்பியிருக்குதா? தண்ணி நிக்கிற எடத்துல சாக்பீஸால கோடு போடுங்க. மூடிய நீங்களே பூட்டுங்க. காலைல வரைக்கும் மோட்டார் போடாதீங்க. டீச்சர் வீட்டு மெயின் வால்வ இப்பவே மூடறேன், கேட்டப் பூட்டி சாவிய இந்தப் பாப்பா வெச்சுக்கட்டும். காலைல ஆறு மணிக்குப் பாக்கலாம். இலை காஞ்சிருந்தா நான் திருடன்."

சொல்லிமுடித்துவிட்டு வால்வை மூடப் போனார்.

மறுநாள் ஆறு மணிக்கு ரூபினி பூட்டைத் திறந்தாள். இலை நுனி ஒவ்வொன்றிலும் சொட்டு நின்றது. அவள் விரலால் ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள். அது உதிர்ந்தது, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதே இடத்தில் இன்னொன்று மெல்ல ஊறி வந்தது. சேஷகிரி மதிலுக்கு அந்தப் பக்கம் சம்ப் மூடியைத் தூக்கினார். குனிந்து உள்ளே பார்த்தார்.

"சார், கோடு எங்க இருக்குது?" என்று எத்திராஜ் கேட்டார்.

"மேலே இருக்கு. தண்ணி நாலு விரல்கடை கீழே நிக்குது." அப்புறம் இன்னும் தணிந்த குரலில், "தப்பாய்த்தப்பா. பெரிய தப்பாய்த்து" என்றார்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது சரியாகப் போயிற்று. எத்திராஜ் துவைக்கும் கல்மேல் உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று அவருக்கே தெரியவில்லை. நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கிவைத்த மாதிரி இருந்தது. டீச்சர் உள்ளே போய்ச் சாவியை எடுத்துவந்து, அவர் கையைப் பிடித்து, உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"நான் கேட்டிருக்கவே கூடாது எத்திராஜ்."

"பரவால்ல டீச்சர். இந்தக் கையில ராசியும் இல்லன்னு தெரிஞ்சுபோச்சு, சாவியாவது இருக்கட்டும்."

டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். எத்திராஜுக்கு அந்த நிமிஷம்தான் பசித்தது. அது அப்படியே ஏறிக்கொண்டே போய், கடைசியில் தள்ளுவண்டிக்காரரின் சட்டினி வாளியில் வந்து முடிந்தது. சேஷகிரி அதற்குள் குழுவில், தவறு என்னுடையது, எத்திராஜ் ஒரு சொட்டும் ஊற்றவில்லை என்று எழுதிவிட்டார். மற்ற இரண்டு வீட்டுக்காரர்களும் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு போன் செய்தார்கள்.

சம்பைக் காலி செய்து, வெடிப்பை அடைத்துப் பூசினார்கள். சேஷகிரி வீட்டில் டேங்கர் ஒன்று குறைந்தது. நாலாம் நாள் இலை நுனியில் சொட்டு இல்லை. எட்டாம் நாள் ஓரம் பழுத்தது. எத்திராஜ் பார்த்துக்கொண்டு நின்றார். கஷ்டமாக இருந்தது, அதே சமயம் நிம்மதியாகவும் இருந்தது. இலை காயக் காய அவர் சொன்னது நிஜமென்று ஆகிக்கொண்டிருந்தது. "பெரிய இலைய எல்லாம் அறுத்துடறேன் டீச்சர். கெழங்கு மண்ணுல தூங்கட்டும். உசுரு போகாம இருக்க ஒரு செம்பு ஈரம் போதும், மழை வந்தா எழுந்துக்கும்" என்றார்.

அந்த ஒரு செம்பு ஈரத்தை யார் கொண்டுவந்தது என்பதுதான் வேடிக்கை. மறுநாள் காலை சேஷகிரி சார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அரிசி கழுவிய தண்ணீரை ஒரு வாளியில் தூக்கிக்கொண்டு, தெருவைச் சுற்றி டீச்சர் வீட்டு கேட் வழியாக வந்தார். மூலைக்குப் போய் மெதுவாக ஊற்றிவிட்டுப் போனார். தினமும் வந்தார்.

ஐந்தாம் நாள் எதிர்வீட்டு மாடியிலிருந்து யாரோ அதைப் போட்டோ எடுத்துக் குழுவில் போட்டார்கள். அடுத்தவனைச் சொன்னவரே இப்போது வாளி வாளியாக ஊற்றுகிறார் என்று கீழே கேலி வரிசை கட்டியது. ரூபினி போனைக் கையில் பிடித்துக்கொண்டு மறுபடி வந்தாள். சேஷகிரி காலி வாளியோடு மூலையில் நின்றார். காது மடல் சிவந்திருந்தது. அந்த முகத்தை எத்திராஜுக்கு நன்றாகத் தெரியும். ஒரு மாசத்துக்கு முன்னால் அது அவருடைய முகமாக இருந்தது.

"அரிசி கழுவின தண்ணி, பாப்பா" என்றார் எத்திராஜ். "தெனமும் நான் பக்கத்துல நின்னு பாக்கறேன். குழாய்த் தண்ணி ஒரு சொட்டு கெடையாது."

ரூபினி வாளியைப் பார்க்கவில்லை, மண்ணையும் பார்க்கவில்லை.

"நீங்க சொன்னா சரிண்ணா" என்று சொல்லி, அங்கேயே நின்று அந்தப் போட்டோவை அழித்தாள்.