மாமியார் இல்லாத இடம்

செவ்வாய்க்கிழமை, எட்டாம் தேதி, மத்தியானம் மூன்றரை மணி. அகிலாண்டம் வேண்டுமென்றே பொறுக்கியெடுத்த நேரம். செவ்வாயும் எட்டும் ராகு காலமும் ஒன்றாகக் கூடுகிற நாள் அவ்வளவு சுலபத்தில் கிடைக்காது. காலண்டரைப் பக்கம் பக்கமாகப் புரட்டித்தான் கண்டுபிடித்தாள்.

ராகு காலத்தில் கத்தரிக்காய்கூட வாங்காத தைலாம்பாள் வருவாளா?

வந்தாள். எண்பத்தேழு வயதில் மாட்டுங்காவிலிருந்து செம்பூருக்கு டாக்ஸி பிடித்து வந்தாள். லிப்ட் அன்றைக்கு பந்த், ஓடவில்லை. மகன் வேங்கடசுப்ரமணியனின் தோளைப் பிடித்து இரண்டு மாடி ஏறி, வாசலில் நின்று மூச்சு வாங்கினாள். அகிலாண்டம் கதவைத் திறந்தவள் உடனே நகரவில்லை. அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றாள். முப்பத்தேழு வருஷமாகக் கேட்க ஆசைப்பட்டது.

அப்போது அவளுக்கு இருபத்துநாலு. ஃபோர்ட்டில் இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலை. இரண்டு மேஜை தள்ளி வேங்கடசுப்ரமணியன். அவன்தான் வலிய வந்து ஜாதகம் கேட்டான். ஒரே வாரத்தில் திரும்பி வந்தது, பின்பக்கம் தைலாம்பாளின் கையெழுத்தோடு. ஆயில்ய நட்சத்திரத்துப் பெண் வீட்டுக்குள் காலடி வைத்தால் மாமியார் உயிருக்கு ஆகாது என்ற பயம். மறுநாள் ஆபீஸில் அவன் தலை ஃபைலை விட்டு நிமிரவே இல்லை.

"மாமியார் இல்லாத இடமாப் பாருங்கோ" என்றார் ஜோசியர். தாயில்லாப் பிள்ளைகளைத் தேடி அப்பா பதினோரு வருஷம் டோம்பிவிலி வரைக்கும் அலைந்தார். ஒருநாள் தரகர் பத்ரி படியேறி ஓடிவந்து, "மாமா, ஸ்வீட் எடுங்கோ! வாஷியில இருக்கற பையனோட அம்மா நேத்திக்குப் போயிட்டா!" என்றார். அன்றைக்கு அகிலாண்டம் ஜாதகத்தை பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

இப்போது வேங்கடசுப்ரமணியனின் மனைவி போய் மூன்று வருஷம். பெண் கனடாவில். அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்த நாலு ஆயாக்களும் அந்த வாய்க்குப் பயந்து ஓடிவிட்டார்கள். போன மாதம் போன் பண்ணினான். "இந்த வயசுல ஒருத்தருக்கு ஒருத்தர் துணையா..."

"உங்கம்மா வந்து கேக்கட்டும்" என்று நாளும் நேரமும் சொல்லிவிட்டு வைத்தாள்.

"உக்காருங்கோ மாமி. ரொம்ப மூச்சு வாங்கறதே. ஆயில்யத்தோட வாசல்ல நின்னதுக்கேவா?" அகிலாண்டம் வாசலை விட்டு நகர்ந்து வழிவிட்டாள்.

"அதெல்லாம் அந்தக் காலத்துப் பேச்சுடி. இப்போ யாரு நட்சத்திரம் பாக்கறா?"

"நீங்க பாத்தேளே." பீரோவிலிருந்து எடுத்த ஜாதகத்தை, பின்பக்கம் மேலே தெரிய, மாமியின் மடியில் வைத்தாள். "வாசியுங்கோ. கண்ணாடி கொண்டு வந்திருக்கேளோன்னோ?"

"எதுக்கு அகிலா, இப்போ போய்..." என்றான் அவன்.

"நீங்க சும்மா இருங்கோ. அன்னிக்கும் சும்மாத்தானே இருந்தேள்."

மாமி கண்ணாடியை மாட்டினாள். காகிதத்தைத் தள்ளிப் பிடித்து வாசித்தாள். "'பெண் ஆயில்யம். எனக்கு இன்னும் கொஞ்ச நாள் உயிரோடு இருக்க ஆசை.'"

"ஆசை தீந்துடுத்தா மாமி?"

மாமி கண்ணாடியைக் கழற்றினாள். பிறகு, "பரிகாரம் ஏதாவது பண்ணிக்கலாம்" என்று முனகினாள். குரலில் பழைய அதிகாரம் இல்லை. பயம் அப்படியே இருந்தது.

அகிலாண்டம் உள்ளே போய் நுரை தளும்ப மூன்று டம்ளர் காபி கொண்டுவந்தாள்.

"எனக்கு ஆட்சேபணையே இல்லை" என்றாள். அவன் முகம் மலர்ந்தது. "அன்னிக்கு ஜோசியர் போட்ட கண்டிஷன் ஒண்ணுதான். மாமியார் இல்லாத இடமா இருக்கணும்."

மாமி டம்ளரை ஒரு வாய்கூடக் குடிக்காமல் கீழே வைத்தாள்.

"அவசரம் ஒண்ணுமில்லை. காத்துண்டிருக்கறது எனக்குப் பழக்கம்தான்." மாமியின் பக்கம் குனிந்து ஜாதகத்தைப் பத்திரமாக எடுத்துக்கொண்டாள். "நீங்க குடிங்கோ மாமி. போறச்சே படி பாத்து இறங்குங்கோ. மணி நாலுதான் ஆறது. ராகு காலம் இன்னும் முடியலை."