பிட்டியை வெட்டிய மனுசன்

எங்கள் வீடு ஒரு பிட்டியின் மேல், சின்ன மண்மேட்டில், நிற்கிறது. இந்தச் சிற்றூரின் பழைய வீடுகள் எல்லாமே அப்படித்தான். டென்மார்க்கின் தென்மேற்கு மூலை, ஜெர்மன் எல்லைக்குக் கிட்ட. கண்ணுக்கெட்டிய தூரம் தட்டையான புல்வெளி. இடைக்கிடை ஒரு மேடு, மேட்டில் ஒரு வீடு. வாங்க வந்த அன்று, "பாத்தீங்களோ, ராசா வீடு மாதிரி உயரத்தில நிக்குது" என்று நான்தான் பூரித்துப்போனேன். ஏன் உயரத்தில் நிற்கிறது என்று கேட்க எனக்கும் தோன்றவில்லை, என் மனுசனுக்கும் தோன்றவில்லை.

அதுவரை இக்காஸ்ட் நகரத்தில் அடுக்குமாடி வாழ்க்கை. எனக்கு இந்தப் பக்கத்து முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்ததும் வந்துவிட்டோம். சொந்த வளவு என்றதும் இவருக்குத் தலைகால் புரியவில்லை. புதுவீட்டுக் குடிபூரலுக்கு இக்காஸ்டிலிருந்து சனம் வரும், கார் விட இடம் வேண்டும் என்று ஒரே யோசனை. நான் வேலைக்குப் போயிருந்த ஒரு சனிக்கிழமை, மண் வெட்டும் பெக்கோ ஒன்றை வாடகைக்கு எடுத்துப் பிட்டியின் தெற்குச் சரிவை வெட்டித் தட்டையாக்கிவிட்டார். வெட்டிய மண்ணைப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் பள்ளம் நிரப்ப ஏற்றிக்கொண்டு போய்விட்டாராம். பின்னேரம் வந்து பார்க்கிறேன், சேறு அப்பிய சப்பாத்தோடு நின்று பல்லைக் காட்டுகிறார்.

"இஞ்சரும், இனி எத்தினை கார் வந்தாலும் பயமில்லை!"

பால் காய்ச்சினோம், சனம் வந்தது, சாப்பிட்டது, போனது. அதன் பிறகுதான் கவனித்தேன். இங்கே தெருவில் எதிர்ப்படும் எவரும் கையைத் தூக்கிக் காட்டாமல் போவதில்லை. இப்போது ஒரு கையும் எழும்பவில்லை. திட்டினால் திருப்பித் திட்டலாம். இந்தச் சனம் பேசாமல் இருந்தே ஆளைக் கொன்றுவிடும். எங்கள் நிறம்தான் இப்போது உறுத்துகிறதாக்கும் என்று நினைத்து அழுதேன். பிறகு கோபம் வந்தது. நேரே பக்கத்து வீட்டுக்குப் போனேன். செம்மறி வளர்க்கும் பெண், என் வயதுதான் இருக்கும்.

"நாங்கள் என்ன பிழை செய்தோம்? முகத்துக்கு நேரே சொல்லுங்கள்" என்று டேனிஷில் கேட்டேன்.

அவள் கோப்பி ஊற்றினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். பல நூறு வருடங்களுக்கு முன் பிரீசியர்கள் என்ற கடலோரச் சனம் கடல்வழியாக இங்கே வந்தபோது அணை கிடையாது. பெருவெள்ளம் வந்தால் புல்வெளி முழுவதும் கடல்தான். அதனால் களிமண்ணையும் சாணியையும் கூடைகூடையாகச் சுமந்து குவித்து, மேலே வீடு கட்டினார்கள். வெள்ளம் வந்து அரித்தால், தப்பியவர்கள் திரும்பவும் குவித்தார்கள்.

"மண் போட்டவர்களைத்தான் இந்த ஊருக்குத் தெரியும். எடுத்தவர் உங்கள் கணவர் ஒருவர்தான்" என்றாள்.

இன்னொன்றும் சொன்னாள். வருடத்தில் ஒரு கோடை மாலை, ஊரே சேர்ந்து பிட்டி பிட்டியாக நடக்கும். ஒவ்வொரு வீட்டின் கதையையும் பக்கத்து வீட்டார் சொல்லவேண்டும். யாரும் தங்களைத் தாங்களே புகழ முடியாது.

"உங்கள் வீட்டுக் கதையை நான்தான் சொல்லவேண்டும். என்ன சொல்வது என்று எனக்கே தெரியவில்லை" என்றாள்.

வீட்டுக்கு வந்து நான் ஆடிய ஆட்டத்தை எழுதினால் வெட்கக்கேடு. இவர் கதிரையில் இடிந்துபோய் உட்கார்ந்தார்.

"வெறும் மண்ணெண்டெல்லோ நினைச்சனப்பா" என்றார். பாவம், அந்த முகத்தைப் பார்த்து அதற்கு மேல் எனக்கு ஏச வரவில்லை.

அடுத்த நாளே போய், மண் ஏற்றிக்கொண்டு போன அந்தப் பக்கத்து ஊர்க்காரரைக் கெஞ்சினார். அவர் புறுபுறுத்துக்கொண்டு பாதி மண்ணைத் திருப்பித் தந்தார். மிச்சத்துக்கு, செம்மறிக்காரி தன் வாய்க்காலில் வாரிய களியை அள்ளிக்கொள்ளச் சொன்னாள். தொழிற்சாலை வேலை முடிந்து வந்து, தேத்தண்ணிகூடக் குடிக்காமல், மனுசன் தள்ளுவண்டியோடு பிட்டியில் ஏறி இறங்கினார். புல்லுப் பதித்த அன்று அவளும் மண்வெட்டியோடு வந்து கூட நின்றாள்.

நடை நாள் வந்தது. "நான் வரேல்லை. தலையிடி எண்டு சொல்லும்" என்று கட்டிலில் படுத்தவரை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். ஊர்ச்சனம் எங்கள் முற்றத்தில் நின்றது.

செம்மறிக்காரி தொடங்கினாள். முதலில் மண் சுமந்த பிரீசியர்கள். வெள்ளத்தில் மூன்று பிள்ளைகளோடு கூரையில் ஏறித் தப்பிய ஒரு விதவை. பிறகு மாட்டுக்காரக் குடும்பம். "அதற்குப் பிறகு இக்காஸ்டிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம் வந்தது" என்றாள். "வந்தவுடன் பிட்டியை வெட்டினார்கள். பிறகு முன்பு இருந்ததைவிட உயரமாகக் கட்டினார்கள்."

எல்லோரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். இவர் என் காதுக்குள் கேட்டார்: "இதை ஒவ்வொரு வருசமும் சொல்லுவினமோ?"

"ஓம்" என்றேன். "நாங்கள் செத்தாப் பிறகும் சொல்லுவினம்."

"சொல்லட்டும்" என்றார் மனுசன். பிறகு கண்ணைத் துடைத்தார்.